பனியனில் ஒரு சின்னக் கறை



பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனால் என்ன கேட்கிறோம்? "எத்தனை அடைப்பு? எவ்வளவு செலவாச்சு?" புண் எப்படி ஆறுது என்று யாராவது கேட்கிறோமா?

இதயத்தை எட்ட, நடு நெஞ்செலும்பை நெடுக அறுத்துத்தான் உள்ளே போகிறார்கள். முடித்ததும் ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். எலும்பு ஒட்டிக் கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். நூறு பேரில் ஓரிருவருக்கு அந்தப் புண்ணுக்குள் கிருமி ஆழமாக இறங்கிவிடுகிறது. சர்க்கரை, உடல் பருமன், சிகரெட் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் இது தலைகாட்டும். தையலில் நீரோ சீழோ கசியும். காய்ச்சல் வரும். இருமினால் நெஞ்சில் 'டக்' என்று எலும்பு நகரும்.

பெரியவர் வாயே திறக்க மாட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் செலவு வைக்கணுமா என்ற எண்ணம். துணி துவைக்கும் மனைவிதான் பனியன் கறையை முதலில் பார்க்கிறார். அவர் மஞ்சள் பற்றுப் போடுவார். மகன் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி வருவான். தப்பு இரண்டுமே. அரைகுறையாக மாத்திரை போட்டால், எந்தக் கிருமி என்று கல்ச்சரில் சரியாகப் பிடிபடாமலே போகலாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே காட்டுவதுதான் வழி.

"மறுபடியும் தியேட்டரா?" என்று பதறத் தோன்றும். ஆனால் திறந்தால்தான் அழுகியதைச் சுரண்டி எடுக்க முடியும். ஊசி வழி ஆன்டிபயாடிக் பல வாரம் போகும். காயத்தை உடனே மூடாமல், ஸ்பாஞ்ச் வைத்து மெஷினால் கசிவை உறிஞ்சுவதும் உண்டு.

அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜன் வருவார். மூக்கை அழகாக்குகிறவருக்கு இதய வார்டில் என்ன வேலை? மார்புத் தசையைத் திருப்பிக் குழியை நிரப்பும் வேலை! சில சமயம் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்து வைப்பார். தசையில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால், மருந்தும் உடம்பின் காவல் அணுக்களும் புண்ணுக்குள் போய்ச் சேரும். அட்லாண்டாவில் பிளாஸ்டிக் சர்ஜன் ஜுர்கிவிச் குழுவினர் 1980-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவலானது. அதற்கு முன் இந்தப் புண் பலரின் உயிரையே வாங்கியது.

அடுத்த முறை ஆப்பிளும் கையுமாகப் பார்க்கப் போகும்போது, அடைப்புக் கணக்கை விடுங்கள். அந்த வீட்டம்மாவைத் தனியே கூப்பிட்டு, "பனியனில் கறை படுதா அக்கா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்