ஒரு குழாயும் ஒரு கேள்வியும்

அண்மையில் எனக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை அகற்றப்பட்டது. கண்விழித்தபோது வயிற்றின் வலப்புறத்தில் ஒரு வடிகுழாய் இருந்தது. அறுவை சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது என்றார்கள். குழாயில் சேர்ந்ததும் சில தேக்கரண்டி நீர்தான். ஆனாலும், அதை அகற்றுவதற்காகவே கூடுதலாக ஒரு நாள் தங்க வேண்டியதாயிற்று. காரணம் கேட்டேன். 'எல்லோருக்கும் வைப்பதுதான்' என்றார் செவிலியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல் உறுத்தியது.

1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். ரத்தமோ பித்தநீரோ கசிந்தால் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் காவலாளியாக வடிகுழாய் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், 1,831 நோயாளிகள் பங்கேற்ற 12 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, சிக்கலற்ற லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில் வழக்கமாகக் குழாய் வைப்பதை ஆதரிக்கச் சான்று இல்லை என்றே முடித்தது. குழாய் அடைபட்டால், கசிவு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும் அபாயமும் உண்டு.

கடும் அழற்சி, பித்தநீர்க் கசிவு குறித்த ஐயம், பித்தப்பையை முழுமையாக அகற்ற இயலாத நிலை ஆகியவற்றில் குழாய் தேவைப்படலாம். அது அறுவை சிகிச்சை நிபுணரின் முடிவு. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. கேள்வி, தேவையற்ற இடத்தில் தொடரும் வழக்கத்தைப் பற்றியதே.

அது ஏன் தொடர்கிறது? குழாய் வைக்காமல் கசிவு ஏற்பட்டால் பழி மருத்துவர் மீது விழும். தேவையின்றி வைத்தால் எவரும் கேட்பதில்லை. நிம்மதி ஒருவருக்கு, வலியும் செலவும் மற்றவருக்கு. மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாத இந்த ஏற்றத்தாழ்வே மருத்துவத்தைப் பிற சந்தைகளிலிருந்து வேறுபடுத்துகிறது என்பதைக் கென்னத் ஆரோ 1963-இலேயே விளக்கினார்.

ஓய்வூதியம் பெறும் எனக்குக் கூடுதல் ஒரு நாள் வெறும் அலுப்பு. தினக்கூலித் தொழிலாளிக்கோ அது நோயாளி, உடனிருப்பவர் என இருவரின் கூலி இழப்பு. அரசு மருத்துவமனையில் அது, படுக்கைக்காகக் காத்திருக்கும் இன்னொருவரின் ஒரு நாள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குழாய் வைத்தால் அதற்கான காரணத்தை ஒரு வரியில் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுவதை மருத்துவமனைகள் கட்டாயமாக்கினால் போதும். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'வழக்கம்' என்று எழுத எந்த நல்ல மருத்துவரின் கையும் தயங்கும்.