வாத்தியப் பொதிகளுக்குப் ‘பொறுப்பல்ல’ சீட்டு வாங்குவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புவோர்: வாத்தியக் கலைஞர் சங்கத்தினர், வல்வெட்டித்துறை.

பெறுவோர்: விமானப் பிரயாணிகளின் பொதிகளுக்குப் பொறுப்பான உரிய அதிகாரிகள்.

விடயம்: பித்தளை வாத்தியங்களை விமானத்தில் கொண்டு செல்லல் (மீண்டும்)

ஐயா / அம்மணி,

1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டரை அடைந்த ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலை அனுப்பிய ஊரில் ட்ரம்பட்டும் ட்ரொம்போனும் வாசித்துப் பிழைப்பவர்களின் சங்கம் இது.

இது எமது முதற் கடிதம் அல்ல. முதற் கடிதத்தில், வாத்தியப் பெட்டியை ஒப்படைக்கும்போது கையொப்பம் கேட்கப்படும் சீட்டைப் பற்றி விளக்கம் கேட்டோம். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் அதையே பணிவாகக் கேட்டோம். அதற்கும் பதில் இல்லை. ஞாபகமூட்டல் கடிதத்துக்கு, ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி வந்தது. உரிய பிரிவு எது என்று கேட்டு எழுதியது இன்னும் கிடப்பில் கிடக்கிறது. ஆகவே பழைய கடிதங்களில் இருந்ததையே திரும்பவும், இம்முறை சற்று நீளமாக எழுதுகிறோம்.

கோரிக்கை 1: ‘சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற சீட்டில் கலைஞர்களிடம் கையொப்பம் வாங்குவதை நிறுத்த வேண்டும்.

நடப்பது இதுதான். கைப்பொதிக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் காட்டும் வழிகாட்டி அளவு 56 × 45 × 25 சென்ரிமீற்றர். ட்ரொம்போன் பெட்டி அதற்குள் அடங்காது. பலாலி–சென்னை வழியில் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள தட்டும் சிறியது. பெட்டி பொதியறைக்குத்தான் போக வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் நாடாவைக் கட்டிவிட்டு, ‘இதில் ஒப்பம் வையுங்கோ’ என்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. அந்தக் கரையில் மேடை காத்திருக்கிறது. ஒப்பம் வைக்காவிட்டால் பெட்டி ஏறாது. வைக்கிறோம்.

எமது உறுப்பினர் ஒருவரின் ட்ரொம்போன் அப்படிப் போய் இறங்கியது. பெட்டியின் வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே ஸ்லைட்டின் வெளிக்குழாயில் பயறு அளவு ஒரு நெளிவு. ஏழு நிலைகளுக்கும் இழுபட வேண்டிய ஸ்லைட் நாலாம் நிலையில் பிடித்து நின்றது. அன்றிரவு அவர் வாசிக்கவில்லை. முறையிடப் போன இடத்தில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ‘சீட்டில் இருப்பது உங்கள் கையொப்பம்தானே?’

பொதி சரியாகக் கட்டப்படவில்லை என்றும் சொல்லப்பட்டது. எப்படிக் கட்டுகிறோம் என்பதை எமது இரண்டாவது கடிதத்தின் இணைப்பில் காணலாம். அது யாராலும் திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஊதுவாயைக் கழற்றித் தனிப் பையில் இடுகிறோம். பெட்டிக்குள் உருளும் ஊதுவாயே முதல் நெளிவைப் போடும். மியூட், எண்ணெய்க் குப்பி என்று தளர்வாக எதையும் உள்ளே விடுவதில்லை. மணிவாய்க்குள் மென்மையான துணியைத் திணிக்காமல் நிரப்புகிறோம். ஸ்லைட்டைக் கழற்றிப் பூட்டி அதன் பள்ளத்தில் வைக்கிறோம். பெட்டியைச் சுற்றி ரிஜிபோம் வைத்து வெளியே தடித்த அட்டைப் பெட்டி போடுகிறோம். பாதுகாப்புச் சோதனைக்குத் திறப்பார்கள் என்பதால் பூட்டுப் போடாமல் பட்டி மட்டும் கட்டி, எந்தத் துண்டு எந்தப் பள்ளத்துக்கு என்று மூடியின் உட்புறத்தில் படமும் ஒட்டுகிறோம். இதற்கு மேலும் ஏதேனும் தேவை என்றால் அதை எழுத்தில் தாருங்கள். எது போதுமான பொதி என்று எங்குமே சொல்லாமல், சேதத்துக்குப் பிறகு மட்டும் ‘போதாது’ என்பது நியாயமாகாது.

இனிச் சட்டம். இலங்கையும் இந்தியாவும் இணைந்துள்ள 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயத்தின் 17 ஆம் உறுப்புரைப்படி, ஒப்படைத்த பொதி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் நிறுவனமே பொறுப்பு. பொதியின் உள்ளார்ந்த குறையால் வந்த சேதத்துக்கு மட்டும் விலக்கு. பிரயாணியின் கவனக்குறைவு காரணமென்றால் 20 ஆம் உறுப்புரைப்படி அதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 26 ஆம் உறுப்புரை: நிறுவனத்தை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும், அல்லது சமவாயம் விதித்த எல்லையைக் குறைக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது. மேற்படி சீட்டு இதைத் தவிர வேறு எதைச் செய்கிறது? ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தையே செய்ய மறுக்க நிறுவனத்துக்கு 27 ஆம் உறுப்புரையில் இடமுண்டு. பொதியை ஏற்றுக்கொண்டு, நாடாவும் கட்டிய பின்னர் கைகழுவ இடமில்லை. 26 ஆம் உறுப்புரையை முதற் கடிதத்திலும் குறிப்பிட்டோம், இரண்டாவதிலும் குறிப்பிட்டோம். அது எமக்குப் பொருந்தாது என்றால் அதையாவது சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 28 முதல் பொதிக்கான இழப்பீட்டு எல்லை ஒரு பிரயாணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் (SDR). வாத்தியம் அதைவிடப் பெறுமதியானால், ஒப்படைக்கும்போதே பெறுமதியைப் பிரகடனம் செய்து, கேட்டால் மேலதிகக் கட்டணமும் செலுத்தலாம் என 22 ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. கட்டணம் கட்ட நாங்கள் தயார். கவுண்டரில் அப்படி ஒரு படிவத்தைக் கண்டவர் எம்மில் எவரும் இல்லை. சேதமான பொதிக்கு, அதைப் பெற்று 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது 31 ஆம் உறுப்புரை. எமக்கு ஏழு நாள் கெடு; எமது கடிதங்களுக்குப் பதிலளிக்கக் கெடு எதுவும் இல்லைப்போலும்.

ஏனைய கோரிக்கைகள்:

2. ட்ரம்பட் போன்ற சிறு வாத்தியங்களை, ஏறும்போது தட்டில் இடமிருந்தால் கையில் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவில் 2015 மார்ச் முதல் இது விதி. பிந்தி வருபவரின் பைக்காக வாத்தியத்தை அகற்றவும் அங்கே முடியாது.

3. வால்வ் எண்ணெய் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு உட்பட்ட குப்பியில் அனுமதிக்கப்படுமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

4. சோதனைக்குத் திறக்கும் பெட்டிகளை உரியவரின் முன்னிலையில் மூட ஆவன செய்ய வேண்டும்.

5. மேற்படி ஒழுங்குகள் தவில், நாதஸ்வரத்துக்கும் பொருந்த வேண்டும்.

6. அறிவித்தல்கள் தமிழிலும் வைக்கப்பட வேண்டும்.

சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரி அம்மன் தீர்த்தமும் இந்திர விழாவும் வருகின்றன. கலைஞர்கள் போவதும் வருவதும் அப்போது கூடும். அதற்கு முன்னர் முதலாவது கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பதைப் பதிலாக ஏற்பதில்லை என எமது பொதுக்கூட்டம் தீர்மானித்துள்ளது.

இங்ஙனம்,
செயலாளர், சங்கத்தினர் சார்பில்,
வல்வெட்டித்துறை.