அஞ்சும் நாய்க்கு ஓர் இல்லம்

நாய் மனிதனை நம்பி வாழும் விலங்கு. அந்த நம்பிக்கையை மனிதனே சிதைத்துவிட்டால் அதன் நிலை இரங்கத்தக்கதாகும். அடியும் பசியும் கண்ட நாய், மீட்கப்பெற்றுக் காப்பகத்தை அடைந்த பின்னரும், கூண்டின் மூலையில் முகம் புதைத்துக் கிடக்கும். கையை நீட்டினால் நடுங்கும்; சோறு வைத்தால், வைத்தவர் அகலும்வரை அதனைத் தொடாது. இக்காட்சியைக் கண்டு உள்ளம் உருகி, 'இன்றே இதனை எம் இல்லத்திற்கு அழைத்துச் செல்வோம்' என்பார் உளர். அவர்தம் இரக்கம் பாராட்டுதற்குரியது. ஆயினும், இரக்கம் ஒன்றையே கண்டு நாயை ஒப்படைத்தல் தகாது. இரக்கம் நொடிப்பொழுதில் பிறப்பது; அந்நாய்க்கு வேண்டுவதோ பல திங்கள் நீளும் பொறுமை.

அச்சம் எத்துணை ஆழமாக வேரூன்றும் என்பதற்கு உருசிய நாட்டு அறிஞர் பாவ்லவ் கண்ட நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். சில அறிகுறிகளைக் கண்டதும் கேட்டதும் உணவை எதிர்பார்த்து வாயூறுமாறு அவர் நாய்களைப் பழக்கியிருந்தார். 1924ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் எழுந்து, நாய்க்கூடத்துள்ளும் புகுந்தது. பணியாளர்கள் அரும்பாடுபட்டு நாய்களை நீந்தச் செய்து கரை சேர்த்தனர். உடலில் ஊறு ஏதுமில்லை. எனினும் ஒரு நாய், பழகிய பழக்கம் அனைத்தையும் இழந்து நின்றது. அறிமுகமான ஒருவர் அதனருகே அறையில் அமர்ந்திருந்தபொழுதுதான் பழைய நிலை சிறிது சிறிதாகத் திரும்பிற்று. பின்னர் ஒருநாள் கதவின் அடியில் நீர் சிறிதே கசியவிட்டுப் பார்த்தனர். அவ்வளவில் நாய் மீண்டும் கலங்கிவிட்டது. ஆராய்ச்சிக்காக அதனை மறுபடி அஞ்சச் செய்தது அன்புடைமை ஆகாது. எனினும் அதனால் விளங்கிய உண்மை பெரிது. அருகிருக்கும் மனிதனின் அமைதி அச்சத்தை ஆற்றும். சிறு குறிப்பு ஒன்று ஆறிய அச்சத்தையும் எழுப்பிவிடும்.

பொறுமையின் பயனை அமெரிக்க நாட்டில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்று காட்டுகின்றது. 2007ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில், புகழ்பெற்ற பந்தாட்ட வீரர் ஒருவருக்குரிய பண்ணையில், சண்டைக்கென வளர்க்கப்பெற்ற நாய்களை அரசினர் கைப்பற்றினர். அவற்றைக் கொன்றுவிடுதலே நன்று என்றனர் பலர். விலங்குநலம் பேணுவோருள்ளும் அவ்வாறு கூறினார் இருந்தனர். ஆயினும் ஒவ்வொரு நாயும் தனித்தனியே ஆராயப்பெற்றது. மனிதர்மேல் பாயும் என்று கருதப்பட்ட நாய்களுட் பல, மனிதரைக் கண்டதும் தரையோடு தரையாய் ஒடுங்கிக் கிடந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவை உயிர் பிழைத்தன. அவற்றின் பராமரிப்புக்கென அவ்வீரரே 9 இலட்சம் டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றை அடைந்தன. அவற்றை வேண்டி வந்தோர் கையில் உடனே ஒப்படைத்துவிடவில்லை; வந்தவரின் தகுதியும் ஆராயப்பட்டது. சில நாய்கள் நல்ல இல்லங்களைப் பெற்றன. சில இறுதிவரை காப்பகத்திலேயே வாழ்ந்தன.

தகுதி என்பது செல்வமன்று. நாள்தோறும் விருந்தினர் வந்துபோகும் மாளிகையைவிட, ஆரவாரமற்ற சிறு வீடே அஞ்சும் நாய்க்கு ஏற்றது. அங்கே சாந்தமான நாய் ஒன்று முன்னரே இருப்பின் மிக நன்று. மனிதர் சொல்லி விளங்காததை அது தன் நடையால் விளக்கிவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீடு பெரும்பாலும் பொருந்தாது. குழந்தைகள் தீயவர் அல்லர். அன்பு மிகுதியால் கட்டியணைப்பர். அஞ்சும் நாய்க்கு அணைப்பும் ஒரு பிடியே. வீட்டார் முதல் நாட்களில் அதற்கு ஓர் ஒதுக்கிடம் தந்து, உணவையும் நீரையும் வைத்துவிட்டு விலகுதல் வேண்டும். கண்ணுக்குக் கண் நோக்காமல், பக்கவாட்டில் அமர்ந்து, தம் பணியைச் செய்தல் வேண்டும். வாயிற் கதவைத் திறந்துவிடுதல் பெரும்பிழை. மிரண்டோடும் நாய், அழைக்கும் குரலுக்கும் அஞ்சி மேலும் ஓடும்.

'காப்பகங்களில் இடமில்லை, ஒரு நாய் நெடுநாள் தங்கினால் மற்றொன்று தெருவில் மடியுமே' என்று சிலர் வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் பொருந்தா இல்லம் சென்ற நாய், சின்னாட்களில் அதே கூண்டிற்குத் திரும்பும். இடமும் மிஞ்சாது, முன்னிலும் மிகுந்த அச்சத்தோடு அது மீளும். ஆதலின் நாயை நிலையாக ஒப்படைக்குமுன், சில திங்கள் தற்காலிகமாகப் பேணும் வீடுகளைத் தேடுதல் நடுவழியாகும். இயலாதவர் இயலாது என்று நேர்மையாகக் கூறித் திருப்பித் தருவதையும் இழிவாகக் கருதுதல் கூடாது.

வேண்டி வருபவரிடம் காப்பகத்தார் வினா ஒன்றைத் தவறாது கேட்டல் வேண்டும்: 'மூன்று திங்கள் கழிந்தும் இந்நாய் உம் அருகில் வராவிடின் என் செய்வீர்?' பழக்கிவிடுவோம் என்று சிலர் உரைப்பர். அதற்குள் வந்துவிடும் என்று வேறு சிலர் உறுதி கூறுவர். 'வராவிட்டால் என்ன? யாம் படித்துக்கொண்டிருக்கும்பொழுது அதுவும் அவ்வறையில் படுத்திருந்தால் போதும்' என்று ஒருவர் விடையளிப்பாராயின், தயங்காமல் நாயின் கயிற்றை அவர் கையில் கொடுக்கலாம்.