பழைய பிரிண்டரைக் காயலாங்கடைக்குப் போடக் கூடாது



நம் பள்ளி கம்ப்யூட்டர் அறை மூலையில் ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், அதோட தடிமனான கேபிளும் கிடக்கின்றன. 'யூ.எஸ்.பி. வந்தாச்சு, இது எதுக்கு? எடைக்குப் போட்டு இடத்தைக் காலி பண்ணலாம்' என்று பலர் சொல்கிறார்கள். போடக் கூடாது என்பது என் கருத்து. பிரிண்ட் எடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் நம்மிடம் அது ஒன்றுதான்.

இந்த இணைப்பை 1970-ல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி தன் பிரிண்டருக்காகச் செய்தது. பிரிண்டர் பக்கம் உள்ள 36 முனை கனெக்டரை இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யில் 25 முனை கனெக்டர் வைத்தது. அதனால்தான் கேபிளின் ஒரு தலை சின்னது, மறு தலை பெரியது.

அந்த 25 முனைகளில் 2 முதல் 9 வரை உள்ள 8 முனைகள் எழுத்தைக் கொண்டு போகின்றன. ஒரு கம்பியில் 5 வோல்ட் அளவு இருந்தால் 1, ஏறக்குறைய 0 வோல்ட் என்றால் 0. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'வின் எண் 65. இரண்டடிமான முறையில் 01000001. அப்போது 2-ம் முனையிலும் 8-ம் முனையிலும் மட்டும் 5 வோல்ட் வரும், மற்ற ஆறும் சும்மா இருக்கும். கணக்குப் பாடம் கம்பியில் ஓடுகிறது, பாருங்கள்! 8 கம்பிகளில் 256 விதம் காட்டலாம். தமிழ் எழுத்துகள் 247-தான். ஆனாலும் இந்தப் பிரிண்டர்களுக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும். தமிழைப் புள்ளிப் படமாக அனுப்ப வேண்டும். அப்போது எந்தெந்த ஊசி காகிதத்தைக் குத்த வேண்டும் என்பதை இதே 8 கம்பிகள் சொல்கின்றன.

18 முதல் 25 வரை தரைக் கம்பிகள். மீதி உள்ளவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார் இல்லையா? அதே மாதிரி இங்கேயும் விசில் உண்டு.

கம்ப்யூட்டர் முதலில் 11-ம் முனையைப் பார்க்கும். அதன் பெயர் பிஸி. அதில் 5 வோல்ட் இருந்தால் பிரிண்டர் 'இரு, வேலையா இருக்கேன்' என்கிறது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எழுத்தை 8 கம்பிகளில் வைக்கும். உடனே எடுக்கச் சொல்லாது. எட்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது, அவசரமாகப் படித்தால் தப்பான எழுத்து வந்துவிடும். எல்லாம் நிலைத்த பிறகு 1-ம் முனையில் வோல்ட்டை ஒரு கணம் இறக்கி ஏற்றும். அந்தக் கணம் ஒரு நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். இதற்கு ஸ்ட்ரோப் என்று பெயர். 'இப்ப எடுத்துக்கோ' என்று அர்த்தம். பிரிண்டர் எடுத்ததும் 10-ம் முனையில் 'வாங்கிட்டேன்' என்று பதில் சொல்லும். ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவும் நடக்கிறது. பேப்பர் தீர்ந்தால் 12-ம் முனை, கோளாறு என்றால் 15-ம் முனை.

'யூ.எஸ்.பி. இதைவிட வேகம்' என்பீர்கள். உண்மைதான். வேகம் கூடினால், கேபிள் நீண்டால், எட்டுக் கம்பிகளை ஒன்றாகச் சேர்ப்பது கஷ்டம். அதனால் பேரலல் கேபிளைச் சில மீட்டருக்கு மேல் நீட்ட மாட்டார்கள். யூ.எஸ்.பி. ஒரு ஜோடிக் கம்பியில் ஒன்றன் பின் ஒன்றாக அனுப்புகிறது. ஆனால் 'தயாரா', 'பேப்பர் இருக்கா' எல்லாமே அந்த ஜோடிக்குள்ளேயே போவதால், தொட்டுக் காட்ட நமக்கு ஒன்றும் இருக்காது.

நம் பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அண்ணாந்து பார்க்கிறோம். பார்த்தால் மட்டும் போதுமா? பிரிண்டர் என்றால் 'வெளியீட்டுக் கருவி' என்று ஒரு மார்க்குக்கு எழுதிவிட்டு, உள்ளே நடப்பது ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டே இருந்தால், நாம் கடைசி வரை பட்டன் அமுக்குபவர்களாகத்தான் இருப்போம். திறந்து பார்த்துப் புரிந்துகொண்டவர்களுக்குப் பயம் போய்விடும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் 'ஒயரைத் தொடாதே' என்று சொல்லியே வளர்க்கிறார்கள்.

ஹெச்.எம். டீச்சருக்கு என் வேண்டுகோள் மூன்று:

1. பிரிண்டரை அறிவியல் அறையில் வைக்க வேண்டும். கரண்ட் கனெக்‌ஷன் வேண்டாம்.
2. கேபிளின் மேல் தோலைக் கீறி, உள்ளே இருக்கும் கம்பிகளை எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்.
3. டார்ச் பல்பு, சுவிட்ச், பேட்டரி செல் வைத்து இதே மாதிரி ஒரு மாடல் செய்ய அனுமதிக்க வேண்டும். ஒருத்தி எழுத்து அனுப்ப, இன்னொருத்தி 'வாங்கிட்டேன்' பல்பை எரிய விட வேண்டும்.

பிரிண்டர் என்றாவது ஒன்றுக்கும் உதவாமல் போனாலும் காயலாங்கடை வேண்டாம். மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

மாடல் செய்ய நான் தயார். சேர விரும்புகிறவர்கள் 9-ம் வகுப்புக்கு வந்து பெயர் கொடுங்கள். டார்ச் பல்பு இருந்தால் கொண்டு வாருங்கள், எட்டு வேண்டும்.

– 9-ம் வகுப்பு மாணவி