ஹலால் முத்திரையும் மாந்தோப்பின் கணக்கேடும்

ஹலால் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் இறைச்சிக் கடையே நினைவுக்கு வரும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கோ அது ஏற்றுமதிக் கோப்பில் இடம்பெறும் ஆவணங்களுள் ஒன்று. இந்தியாவின் மாம்பழக் கூழ்த் தொழில் இரண்டு வட்டாரங்களில் திரண்டிருக்கிறது. ஒன்று சித்தூர்ப் பகுதி. மற்றொன்று தமிழகத்தின் கிருஷ்ணகிரி. நம் பக்கம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் தோத்தாபுரி மாம்பழம் இங்கே கூழாகி, 3.1 கிலோ தகர டப்பாக்களிலும் 215 கிலோ பீப்பாய்களிலும் அடைக்கப்பட்டு, சவுதி அரேபியா, குவைத், ஏமன் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

பழத்துக்கு எதற்கு ஹலால் சான்றிதழ் என்று கேட்பது நியாயமே. பழத்தைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஐயம் ஆலைக்குள் பிறக்கிறது. சேர்க்கப்படும் நொதி எதிலிருந்து எடுக்கப்பட்டது? இயந்திரத்துக்கு இடும் மசகில் விலங்குக் கொழுப்பு உண்டா? நறுமணப் பொருள் ஆல்கஹாலில் கரைக்கப்பட்டதா? அதே குழாயில் முன்பு வேறு எந்தப் பண்டம் ஓடியது? சாக்லேட், பிஸ்கட் போன்ற கூட்டுப் பண்டங்களில் இக்கேள்விகள் இன்னும் பெருகும். சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016ஆம் ஆண்டு மோண்டலீஸ் நிறுவனத்தின் பெரும் சாக்லேட் ஆலை திறக்கப்பட்டது. அத்தகைய ஆலைக்கு மூலப்பொருள் வழங்க விரும்பும் சிறு தொழில்முனைவோரும் இக்கேள்விகளுக்கு விடை வைத்திருப்பது நல்லது.

ஐயம் எழுந்தால் என்னவாகும் என்பதற்கு மலேசியா ஓர் எடுத்துக்காட்டு. 2014 மே மாதம், கேட்பரி நிறுவனத்தின் இரண்டு வகைச் சாக்லேட்டுகளில் பன்றி மரபணுவின் சுவடு காணப்பட்டதாக அந்நாட்டு நலவாழ்வு அமைச்சகம் அறிவித்தது. பண்டங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சில நாட்களில் ஹலால் சான்றளிக்கும் அரசு அமைப்பான ஜாகிம், தான் சோதித்த மாதிரிகளில் அத்தகைய சுவடு இல்லை என்று தெரிவித்தது. ஆயினும் இடைப்பட்ட நாட்களில் நுகர்வோர் கொதித்துப் போயிருந்தனர். ஆய்வுக்கூடம் ஒரு மாதிரியைப் பற்றி மட்டுமே பேசும். ஒவ்வொரு தொகுதியும் எங்கிருந்து வந்தது, எவர் கைப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியது இடையறாத பதிவு ஒன்றே.

விதிகளும் இறுகி வருகின்றன. இந்தியாவிலிருந்து 15 நாடுகளுக்கு இறைச்சியை ஹலால் என்று குறிப்பிட்டு ஏற்றுமதி செய்ய, இந்தியத் தர மன்றத்தின் கீழ் ஏற்பளிப்புப் பெற்ற அமைப்பின் சான்றிதழ் 2024 அக்டோபர் 16 முதல் கட்டாயமாகியுள்ளது. மாம்பழக் கூழுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே கேட்பவர் வாங்குபவரே. இந்தோனேசியா 2014இல் இயற்றிய சட்டத்தின்படி, பெரிய, நடுத்தர நிறுவனங்களின் உணவு, பானங்களுக்கு 2024 அக்டோபர் முதல் ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. ஒரு நாடு ஏற்கும் சான்றமைப்பை மற்றொரு நாடு ஏற்காமலும் போகலாம். ஆகவே சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் வாங்குபவரின் நாடு எந்த அமைப்பை ஏற்கிறது என்று கேட்டறிவதே முதல் வேலை.

தடமறிதல் நமக்குப் புதிதன்று. 2003இல் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் கண்டறியப்பட்டு ஏற்றுமதி தடுமாறியது. அதன்பின் அபெடா நிறுவனம் கிரேப்நெட் என்ற இணையப் பதிவேட்டை உருவாக்கியது. தோட்டம், ஆய்வுக்கூடம், பொதிகூடம் ஆகிய மூன்றும் அதில் ஒரே சங்கிலியாக இணைந்தன. இன்று கியூஆர் குறியீடும் பிளாக்செயினும் பேசப்படுகின்றன. அவை பயனுள்ளவையே, ஆனால் எழுதியதை எவரும் திருத்தாமல் காப்பது மட்டுமே பிளாக்செயினால் முடியும். முதலில் எழுதியதே பொய்யானால், அந்தப் பொய்யும் பத்திரமாகவே இருக்கும். தோட்டத்தில் எழுதப்படும் முதல் வரி மெய்யாக இருக்க வேண்டும்.

அந்த முதல் வரியை எழுத வேண்டியவர் விவசாயி. அதனால் அவருக்குக் கிடைப்பது என்ன? 2025 பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்நிலையிலுள்ள விவசாயியிடம் மருந்து தெளித்த நாளையும் உரமிட்ட கணக்கையும் எழுதித் தருமாறு கேட்பது, கூடுதல் சுமையை மட்டும் தருவதாகும். பதிவு தரும் விவசாயியின் பழத்துக்கு ஆலை முன்கூட்டியே விலை ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சான்றின் ஆதாயம் துறைமுகத்தோடு நின்றுவிட்டால், சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

இஸ்லாமிய மரபில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் இணைந்து வரும். தூயது, நலம் பயப்பது என்பது அதன் பொருள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை இந்திய உணவுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பழுத்த மாம்பழத்தில் விலங்குப் பொருள் ஏதும் இராது. அதற்காக அதை நல்லுணவு என்று எவரும் சொல்லமாட்டார். சுற்றுச்சூழலையும் இதே கண்ணால் காணலாம். கூழ் எடுத்தபின் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, தோலாகவும் கொட்டையாகவும் எஞ்சுகிறது. அதைச் சாலையோரம் கொட்டினால் நாற்றமும் ஈயும்தான் மிச்சம். தோலிலிருந்து பெக்டின் எடுக்கலாம். கொட்டைப் பருப்பின் கொழுப்பு, சாக்லேட்டில் ஓரளவு சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள ஆறு தாவரக் கொழுப்புகளுள் ஒன்று.

இவற்றுக்கு முதலீடு தேவை. பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம், கடனோடு இணைந்த 35 சதவீத மானியத்தை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள் வழங்குவதாக வகுக்கப்பட்டது. வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. திட்டக் காலமும் தகுதி விதிகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் தங்கள் கிளையில் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். கடன் கேட்கச் செல்லும்போது சான்றிதழின் நகலோடு கொள்முதல் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தோட்டத்துப் பழம், எந்த நாளில், எந்தத் தொகுதி எண்ணில் கூழாயிற்று என்று காட்ட முடிந்த ஆலையை வாங்குபவரும் நம்புவார். கடன் தருபவரும் நம்புவார்.