17 அட்டைகள் போதாது

அக்காமாரே, தங்கச்சிமாரே,

வெள்ளிக்கிழமைக்குள் சங்க அட்டையில் உங்கள் கையெழுத்து வேண்டும். சுற்றி வளைத்துக் கதைக்க நேரமில்லை, மானேஜருக்கு மணந்துவிட்டது. டெலியில் நிற்கும் அக்காவைக் கூப்பிட்டு, யார் யாரோடு என்ன கதைக்கிறார்கள் என்று சிரித்துச் சிரித்து விசாரித்திருக்கிறார். அடுத்த வார அட்டவணையில் அவவின் 24 மணித்தியாலம் 11 ஆகிவிட்டது. கேட்டால் வியாபாரம் குறைவாம். அதே வாரம் இரண்டு புதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் கடையில் ஒருவரும் ஏசுவதில்லை, ஒருவரையும் நீக்குவதுமில்லை. வியாழக்கிழமை சுவரில் ஒட்டும் அந்த அட்டவணைத் தாள் போதும். வாடகை கட்டலாமா, ஊருக்கு அம்மாவின் மருந்துக்குக் காசு அனுப்பலாமா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் படிப்பித்தவ இங்கே மீன் வெட்டுகிறா. மணிலாவில் தாதியாக இருந்தவ பக்கத்தில் தக்காளி அடுக்குகிறா. தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரை மணித்தியால இடைவேளை தரவேண்டும் என்கிறது ஒன்ராறியோச் சட்டம். எங்களில் பலருக்கு சிப்ட் எவ்வளவு? சரியாக ஐந்து மணித்தியாலம்!

நம்மட ஆக்களின் கடைக்குப் போகலாமே என்கிறீர்கள். நானும் ஒரு கடையில் நின்று பார்த்தேன். சம்பளத் துண்டு இல்லை, காசு கையில். விடுமுறை நாள் சம்பளம் கேட்டதற்கு, "தங்கச்சி, நாங்கள் ஒரு குடும்பம்" என்றார்கள். இலாபம் எண்ணும்போது அந்தக் குடும்பத்தில் என்னைச் சேர்க்கவில்லை.

2020ஐ மறந்துவிட்டீர்களா? ஊரடங்கில் எங்களை வீரர்கள் என்றார்கள். லோப்ளோ, மெட்ரோ, சோபிஸ் என்ற பெரிய கடைக் கம்பனிகள் மூன்றும் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 2 டொலர் கூட்டித் தந்தன. யூன் நடுப்பகுதியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதை நிறுத்தின. கொரோனா போகவில்லை, 2 டொலர்தான் போனது. யூலையில் பாராளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்டபோது, தாங்கள் நிறுத்தப் போவதை மற்ற நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அறிவித்ததாக லோப்ளோவின் தலைவி ஒப்புக்கொண்டார். மரியாதைக்காக அனுப்பியதாம். போட்டிக் கடைக்காரர்கூட ஒருவருக்கொருவர் கதைக்கிறார்கள். ஒரே காஷில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாங்கள் எவ்வளவு சம்பளம் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு கதை. பகுதிநேரக்காரருக்கும் முழுநேரக்காரருக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற விதி ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்சி மாறியது, 2019 சனவரி 1 இல் விதி போய்விட்டது. ஒன்பது மாத ஆயுள். எங்களில் எத்தனை பேருக்கு அது பிறந்ததாவது தெரியும்?

கூடிக் கதைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 2023 யூலையில் ரொறன்ரோப் பகுதியின் 27 மெட்ரோ கடைகளில் 3,700 பேர் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தார்கள். தொழிற்சங்கத் தலைமையே ஏற்கச் சொன்ன ஒப்பந்தத்தை அவர்கள் வாக்களித்துத் தள்ளிவிட்டார்கள் (எனக்கு அதில் பிடித்ததே இதுதான்). ஒரு மாதம் வெயிலில் நின்றார்கள். களஞ்சியங்களின் வாசலை மறித்தார்கள், கடைகளுக்கு மரக்கறி போவது தடைப்பட்டது, கம்பனி நீதிமன்றத் தடையுத்தரவுக்கு ஓடியது. முடிவில் உடனடியாகவே மணித்தியாலத்துக்கு 1.50 டொலர் கூடியது. சொர்க்கம் கிடைத்துவிடவில்லை. ஆனால் அது ஒருவரும் மனமிரங்கித் தந்ததல்ல.

எங்கள் கடையில் 60 பேர். 40 வீதம், அதாவது 24 பேர், அட்டையில் கையெழுத்திட்டால் தொழிலாளர் உறவுச் சபையிடம் வாக்கெடுப்புக் கேட்கலாம். அட்டையில் யார் கையெழுத்திட்டார் என்பதை முதலாளிக்குக் காட்டமாட்டார்கள். வாக்கும் இரகசியம். வாக்களிப்பவரில் பாதிக்கு மேல் 'ஓம்' என்றால் சங்கம் எங்களுடையது. கையில் இருப்பது 17. 24 உடன் போய் வாக்கெடுப்பில் தோற்க எனக்கு விருப்பமில்லை, 40 வேண்டும்.

சங்கத்தில் சேர்வதற்காக வேலையால் நிற்பாட்டுவதும், மணித்தியாலம் வெட்டுவதும் சட்டவிரோதம். அதனால் பயம் போய்விடுமா? எனக்கும் பயம்தான், எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆனால் 17 பேரின் மணித்தியாலத்தை வெட்டிப்போட்டு அவர்களால் கடை நடத்த முடியும். 40 பேரை வெட்டினால் மீன் யார் வெட்டுவது?

தமிழிலேயே கதைத்து முடித்துவிடாதீர்கள். பேக்கரியில் நிற்கும் பிலிப்பீன் பெண்ணிடம், இரவில் தட்டுகளை நிரப்பும் வங்காளத்து அக்காவிடம் போங்கள். உடைந்த ஆங்கிலம் போதும், அவர்களின் ஆங்கிலமும் எங்களுடையது போலத்தான். வேலை நேரத்தில் கடைக்குள் அட்டை நீட்டக்கூடாது, அது விதி, அதை நாங்கள் மீறவேண்டாம்.

வெள்ளி இரவு 10 மணிக்குக் கடை பூட்டியதும் மார்க்கம் வீதி பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். சிவப்புக் குளிர்ச்சட்டை, கையில் தேத்தண்ணிப் போத்தல். பேனையும் இருக்கும். பஸ் வர எப்படியும் இருபது நிமிடம் எடுக்கும்.