அபராதத்துக்குப் பயந்து சிறைக்குப் போவதா?

வேகக் கேமராவை முறியடிக்கும் கருவி கடையில் பகிரங்கமாகக் கிடைக்கிறது. ஆகவே அதைக் காரில் பொருத்துவதும் குற்றமில்லை. பிரிட்டனில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து.

போலீஸ் ரேடாரை உணர்ந்து எச்சரிக்கும் டிடெக்டருக்கு அங்கே தடையில்லை. முன்பு 1949ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். டிடெக்டர் அலை இருப்பதை மட்டுமே உணர்கிறது, செய்தி எதையும் ஒட்டுக்கேட்பதில்லை என்று 1998இல் உயர்நீதிமன்றம் சொன்னதும் அந்த வழி அடைபட்டது.

அந்தத் தீர்ப்பின் நிழலில், வேக அளவீட்டையே குழப்பும் ஜாமரையும் ஒதுங்கவைக்கிறார்கள். என்ன நியாயம்? லேசர் துப்பாக்கி அனுப்பும் அகச்சிவப்புத் துடிப்புகள் வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்தே வேகம் கணக்கிடப்படுகிறது. ஜாமர் தன் துடிப்புகளை எதிரே வீசி அந்தக் கணக்கைக் குலைக்கிறது. டிடெக்டர் காதைத் தீட்டிக்கொள்கிறது. ஜாமர் சாட்சியின் வாயைப் பொத்துகிறது. அதனால்தான் அதன்மேல் பாய்வது போக்குவரத்து விதி அல்ல, நீதியின் போக்கைத் திரித்த குற்றச்சாட்டு. அதற்கு உச்சபட்சத் தண்டனை ஆயுள்.

வெற்று மிரட்டல் என்பவர்களுக்கு ஒரு வழக்கு: ஜாமர் பொருத்தி வடக்கு யார்க்‌ஷர் கேமரா வேனைத் தாண்டிப் போன ஒருவருக்கு 2018இல் 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண்டு அபராதம் கட்டி, ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டு போயிருக்கலாம்.

‘இது பார்க்கிங் சென்சார்’ என்று ஜாமரோடு பிடிபட்டவர் சொல்லும் சாக்கு, விற்பவர் கற்றுக்கொடுத்த வசனம். போலீஸ் லேசர் படும்போதெல்லாம் அதைக் குழப்பும் சென்சாருக்குப் பார்க்கிங்கில் என்ன வேலை என்று கேட்க நீதிபதிக்குத் தெரியாதா? பிரிட்டனின் எல்லையைத் தாண்டினால் டிடெக்டருக்குக் கிடைத்த பாதி உண்மையும் செல்லாது: அயர்லாந்திலும் பிரான்ஸிலும் அதற்கே தடை.

கேமரா வசூல் இயந்திரம் என்று கோபப்படுபவர்களுக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது. கருவி சரியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா, அங்கீகாரம் பெற்றதா, முறைப்படி இயக்கப்பட்டதா என்று அங்கே கேட்கலாம். ஆதாரத்தைக் கேள்வி கேட்பது உரிமை. ஆதாரமே உருவாகாமல் தடுத்துவிட்டு அதையும் உரிமை என்பது அடாவடி.